அடிமை எழுதிய தன்வரலாறும் கண்டி மாணவர் மறுமொழியும்

அடிமை வாழ்வினின்றும் தப்பியோர் தம் வரலாற்றைத் தாமே எழுதிய நூல்கள் ஆங்கில இலக்கியத்தில் தனியொரு வகையாக எண்ணப்படும். 1789ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ஒலவுடா எக்குவியானோவின் நூலும், 1861ஆம் ஆண்டு புனைபெயரில் வெளிவந்த ஹரியற் ஜேக்கப்ஸ் அம்மையாரின் நூலும் இவ்வகையைச் சார்ந்தன. இவற்றுள் பெரிதும் பயிலப்படுவது, 1845ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் நகரில் வெளியான பிரெடெரிக் டக்ளஸ் என்பாரின் வரலாறாகும். அஃது அளவிற் சிறியது; ஓரிரு மாலைப்பொழுதுகளிற் படித்து முடித்தற்கு இயல்வது. ஆயினும் படித்து முடித்தபின் அதனை மனத்தினின்றும் இறக்கிவைத்தல் எளிதன்று.

இந்நூல் எம் வகுப்பிற் பயிலப்பட்டபோது மாணவரிடையே மூவகை மறுமொழிகள் எழுந்தன. ஒருசாரார், அதிற் கூறப்படும் கொடுமைகளைத் தாங்கமாட்டாது இடையிலேயே நூலை மூடிவைத்தனர். வேறொரு சாரார், அவருள்ளும் தோட்டப்புறங்களிலிருந்து வந்து பயில்வோர், “இஃது எங்கள் கதை” என்றனர். மூன்றாவது சாரார், “இஃது எங்கோ அமெரிக்காவில் நடந்தது; நமக்கும் இதற்கும் யாது தொடர்பு?” என்றனர். இம்மூன்றும் உள்ளத்தினின்று எழுந்த மறுமொழிகளே. எனினும், உள்ளத்தினின்று எழுந்தது என்பதனால் மட்டும் ஒரு மறுமொழி முழுமையுடையதாகிவிடாது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் அடிப்படையாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நூலின் பொருளைச் சுருக்கமாக நோக்குவோம். டக்ளஸ், மேரிலாந்து மாநிலத்தில் அடிமைத் தாயொருத்திக்குப் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டு 1818 என இன்று கொள்ளப்படுகின்றது. அவரோ அதனை உறுதியாக அறிந்திலர். நூலின் தொடக்கமே இக்குறையைத்தான் எடுத்துரைக்கின்றது. தம் வயதைக் காட்டும் ஏடு எதனையும் தாம் கண்டதில்லை என்றும், அடிமைகள் விதைப்புக்காலம், அறுவடைக்காலம் என்றவாறே தம் பிறப்பைக் குறித்துவந்தனர் என்றும் அவர் கூறுகின்றார். குழந்தைப் பருவத்திலேயே தாயினின்றும் பிரிக்கப்பட்ட அவர், தாயைத் தம் வாழ்நாளில் நான்கைந்து முறைக்குமேற் கண்டதில்லை. பகல் முழுதும் வயலிற் பாடுபட்ட அத்தாய், பன்னிரண்டு மைல் தொலைவை இரவில் நடந்து வந்து, மகனை உறங்கவைத்து, பொழுது புலருமுன் மீண்டும் நடந்து சென்றுவிடுவாள். அவருக்கு ஏறக்குறைய ஏழு வயதாயிருந்தபோது அவள் இறந்தாள். இறுதிச் சடங்கிற்கும் மகனுக்கு இடமளிக்கப்படவில்லை.

சிறுவனாயிருக்கையில் டக்ளஸ் பால்டிமோர் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே வீட்டுத் தலைவியான சோபியா ஓல்டு அம்மையார் அவருக்கு எழுத்துக்களைக் கற்பிக்கத் தொடங்கினார். அதனை அறிந்த கணவர் உடனே தடுத்தார். படிக்கக் கற்ற அடிமை அடிமையாயிருக்கமாட்டான் என்பதே அவர் கூறிய காரணம். தலைவி இனிது கற்பித்த பாடத்தினும், தலைவன் கடிந்து தடுத்த சொல்லே தமக்கு மேலான பாடமாயிற்று என்கின்றார் டக்ளஸ். எதனைத் தம்மிடமிருந்து மறைக்க முனைகின்றனரோ அதுவே விடுதலைக்கு வழி என்பதை அன்று அவர் உணர்ந்தார். பின்னர், தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவருக்கு உரொட்டித் துண்டுகளைக் கொடுத்து, அவர்களிடமிருந்து படிப்பைப் பெற்றார். 1838ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வடமாநிலங்களுக்குத் தப்பிச் சென்றார். எவ்வழியாகத் தப்பினார் என்பதை 1845ஆம் ஆண்டு நூலில் அவர் வெளியிடவில்லை. தமக்குப் பின் அவ்வழியே வரவிருந்தோருக்கு அதனாற் கேடு நேரும் என்பதே அவரது அச்சமாயிருந்தது.

இனி, முதலாவது மறுமொழியைக் கருதுவோம். நூலின் முதல் அதிகாரத்திலேயே, டக்ளஸின் சிற்றன்னை கசையால் அடிக்கப்படும் காட்சி வருகின்றது. படிப்போர் கலங்குவர், சிலர் நூலை மூடிவிடுவர். இஃது இயற்கை. ஆனால் மூடியவர்கள் இழப்பது யாது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்நூலின் உண்மையான வலிமை கசையொலியில் மட்டும் அடங்கியதன்று. அது கணக்கில் உள்ளது. வளர்ந்த அடிமை ஒருவனுக்கு மாதமொன்றுக்கு எட்டு இறாத்தல் பன்றியிறைச்சி அல்லது அதற்கு நிகரான மீன், ஒரு புசல் சோளமா. உழைக்கும் வயதடையாத பிள்ளைக்கு ஆண்டுக்கு இரண்டு முரட்டுத் துணிச் சட்டைகள். அவை கிழிந்துபோனால் அடுத்த முறை வழங்கும் நாள்வரை வெற்றுடம்பு. இவ்வாறு அளவும் எண்ணும் காட்டியே அவர் எழுதிச் செல்கின்றார். உணர்ச்சிச் சொற்கள் மிகக் குறைவு.

ஆண்டானின் பேரேட்டில் மாட்டோடும் குதிரையோடும் எண்ணப்பட்ட ஒருவன், இப்பொழுது தானே எழுதுகோலை எடுத்து ஆண்டானின் கணக்கைப் பார்க்கின்றான். அதனாலேயே இந்நூல் வெறும் துன்பக்கதை என்னும் நிலையைக் கடந்து, ஒரு சாட்சியமாக நிற்கின்றது. சாட்சி கூறுபவன் நம்மிடம் வேண்டுவது கண்ணீரை மட்டுமன்று. இறுதிவரை கேட்டு முடிவு கூறவேண்டும் என்பதே அவன் வேண்டுகோள். ஆதலின், கலங்கி மூடியவர் மீண்டும் திறந்து படித்தலே அவனுக்குச் செய்யும் நீதியாகும்.

இரண்டாவது மறுமொழி நம் மலைநாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. “இஃது எங்கள் கதை” என்னும் கூற்றில் எவ்வளவு உண்மை உளது? இதற்கு விடை காண, ஆண்டுகளைச் சற்றே ஒழுங்குபடுத்தி நோக்குதல் நன்று. 1833ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அச்சட்டம் இலங்கைக்கும், சென் ஹெலினாத் தீவுக்கும், கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப்பகுதிகளுக்கும் பொருந்தாதென விலக்கப்பட்டிருந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலாகும். அதற்கு அடுத்த ஆண்டிலேயே டக்ளஸின் நூல் வெளிவந்தது.

அதே ஆண்டுகளில் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் யாது நிகழ்ந்துகொண்டிருந்தது? 1820களில் கம்பளையிலும் பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவையிலும் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, 1840களிற் காடுகளை அழித்து மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய கைகள் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து வந்தன. மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டுவழியே அனுராதபுரப் பகுதியையும் தம்புள்ளையையும் கடந்து, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமையை அடைந்தனர். அவ்வழி ஏறக்குறைய 150 மைல். நீரின்மையாலும் பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்தம் தொகை பற்றி அக்காலத்திலேயே கடுமையான வாதம் நிகழ்ந்தது. இக்கோப்பித் தொழிலாளரின் வரலாற்றை ஆராய்ந்து டொனவன் மோல்ட்ரிச் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூல், கட்டுண்ட நிலையைக் குறிக்கும் சொல்லையே தன் தலைப்பிற் கொண்டுள்ளது.

ஆகவே, அடிமைமுறை ஒழிந்தது என்று சட்டம் கூறிய காலமும், மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆட்கள் பெருந்தொகையாக நடத்திக்கொண்டுவரப்பட்ட காலமும் ஒன்றே. இதனாற்றான் ஒப்புமை எழுகின்றது. எனினும், ஒப்புமை கூறுவோன் வேறுபாட்டை முதலிற் கூறுதல் அறிவுடைமையாகும். அமெரிக்க அடிமை பிறிதொருவனின் உடைமை. அவனை விற்கலாம், ஈடு வைக்கலாம், இறந்தவன் சொத்தோடு சேர்த்துப் பங்கிடலாம். அடிமைத்தாய் பெற்ற பிள்ளை ஆண்டானுக்கே உரியது. தோட்டத் தொழிலாளியின் நிலை சட்டத்தின் கண்ணில் இவ்வாறிருந்ததில்லை. அவனுக்குக் கூலி என்று ஒன்றிருந்தது; அவன் பிள்ளை அவன் பிள்ளையாகவே இருந்தது; கோப்பிக் காலத்திற் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். இவ்வேறுபாடுகளை மறைத்து இரண்டும் ஒன்றே என்போமாயின், டக்ளஸின் தாய் இரவில் நடந்த பன்னிரண்டு மைலின் பொருளை நாம் குறைத்தவராவோம்.

வேறுபாட்டைக் கூறியபின் ஒற்றுமையையும் கூறலாம். அஃது ஒரு சிறு சொல்லில் அடங்கியுள்ளது: கடன். கங்காணி ஊரிலிருந்து ஆட்களை அழைத்து வரும்போதே முற்பணம் கொடுத்தான். வழிச்செலவும், அரிசியும், கம்பளியும் பற்றுக் கணக்கில் ஏறின. தோட்டத்திற் கால் வைக்குமுன்பே தொழிலாளி கடன்காரனானான். தொழிலாளர் வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவர்தம் கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதுவே ‘துண்டு’ எனப்பட்டது. புதிய தோட்டம் பழைய கடனைக் கொடுத்துத் தீர்க்கும்; தொழிலாளி இடம் மாறுவான்; கடன் அவனோடு கூடவே செல்லும். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் மாற்றினோம் என்று கூறலாம். ஆனால் அக்கடனுக்கு ஈடாயிருந்தது அவன் உடலுழைப்பன்றி வேறில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. துண்டுமுறை சட்டத்தால் நீக்கப்பட்டது 1921ஆம் ஆண்டிலாகும். குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டம் 1927இல் வந்தது.

பால்டிமோரிற் கப்பற் பலகைகளின் இடுக்கு அடைக்கும் தொழிலைக் கற்ற டக்ளஸ், நாளொன்றுக்கு ஒன்றரை டொலர் வரை ஈட்டினார். வார இறுதியில் அப்பணம் முழுவதையும் ஆண்டானிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஈட்டியது தான், வாங்கிக்கொள்பவன் வேறொருவன். இதனை அவர் விளக்கும் பகுதியைப் படித்த எம் வகுப்புத் தோழர் ஒருவர், தம் பூட்டனார் காலத்திற் சம்பளநாளன்று பணம் கைக்கு வராது, கங்காணியின் பற்றுக் கணக்கிலேயே கழிந்துபோகும் என்று வீட்டிற் கேட்டதாகக் கூறினார். “இஃது எங்கள் கதை” என்னும் கூற்றின் வேர் அங்கேயே உள்ளது. அடிமையும் தொழிலாளியும் ஒருவரல்லர். ஆனால் அவர் இருவரின் உழைப்பும் பிறன் கையில் எண்ணப்பட்டது.

எண்ணப்படுதல் என்றதும் மற்றொரு செய்தி நினைவுக்கு வருகின்றது. நம் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்பது பெயர். காலையிற் பிரட்டுக்குச் சென்று, நாள் முழுதும் வேலை செய்தால் பேர் விழும். குறைத்துச் செய்தால் ‘அரைப் பேர்’. மனிதனின் பெயர் கூலிக்கணக்கின் அலகாக மாறிய சொல்வழக்கு இது. டக்ளஸின் நூலிலும் பெயர் பெரியதோர் இடத்தைப் பெறுகின்றது. தாயிட்ட பெயரில் ‘பெய்லி’ என்பது இறுதியாயிருந்தது. தப்பிய பின் பிடிபடாதிருக்க ‘ஜோன்சன்’ என மாற்றினார். நியூ பெட்போர்ட் நகரில் அதே பெயருடையோர் பலர் இருந்தமையால், அங்கே தமக்குப் புகலிடமளித்தவரின் ஆலோசனைப்படி ‘டக்ளஸ்’ என்று மீண்டும் மாற்றிக்கொண்டார். பிறெடெரிக் என்னும் முதற்பெயரை மட்டும் விடமாட்டேன் என்றார். தாம் இன்னார் என்னும் உணர்வு அதிலேயே தங்கியிருந்தது.

பிறப்பின் பதிவும் இவ்வாறே. தம் பிறந்தநாளைக் காட்டும் ஏடில்லை என்பது டக்ளஸின் முதற் குறை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவரும் தம் தந்தை இங்கே பிறந்தமையை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமையை நிறுவுதல் வேண்டியதாயிற்று. லயத்து அறையிற் பிறந்து, பதிவின்றி வளர்ந்தோர் எந்த ஏட்டைக் காட்டுவர்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலோ அவர்கள் 9,75,000 பேர் என எண்ணப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படுமென விடப்பட்டது. இலங்கையிற் குடியுரிமையின்றி எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே வழிசெய்தது. தொகையாக எண்ணுவதற்குக் கணக்கு இருந்தது; தனி மனிதராக அறிவதற்கு ஏடு இல்லை.

அங்ஙனமாயின், நம் மலைநாட்டில் ‘நான்’ என்று எழுந்து கூறிய குரலே இல்லையா? இவ்விடத்தில் டக்ளஸ் நமக்கு ஒரு வழி காட்டுகின்றார். பெரிய வீட்டுப் பண்ணைக்குச் செல்லும் அடிமைகள் காட்டுவழியே உரத்துப் பாடிச் செல்வர். அப்பாடல்களைக் கேட்ட அயலார், இவர்கள் மகிழ்வோடு வாழ்கின்றனர் என்று கருதினர். அக்கருத்து முற்றிலும் பிழையென்றும், மிகத் துன்புறும்போதே அடிமை மிகுதியாகப் பாடுகின்றான் என்றும் டக்ளஸ் விளக்குகின்றார். நம் தோட்டங்களைப் பற்றியும் இரு வகைப் பாடல்கள் உள. 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ துரைமாரின் நோக்கில் நின்று கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பாடுகின்றது. தொழிலாளர் தாமே பாடிய தாலாட்டும், ஒப்பாரியும், தெம்மாங்கும் வாய்மொழியாக நின்றன. அவற்றைத் தேடித் தொகுத்தோருள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். கோகிலம் சுப்பையா அம்மையாரின் ‘தூரத்துப் பச்சை’ என்னும் நாவல் 1964ஆம் ஆண்டில் வெளிவந்து, தோட்டத்துப் பெண்ணின் வாழ்வைக் கதையாக்கியது. ஆயினும், கோப்பிக் காலத்துத் தொழிலாளி ஒருவன் தன் பெயரிட்டுத் தானே எழுதிய வரலாறு, டக்ளஸின் நூல்போல நம் மாணவர் கையிற் கொடுக்கத்தக்கதாக இல்லை. பாடலில் ‘நான்’ உண்டு; பாடியவளின் பெயர் இல்லை.

இனி மூன்றாவது மறுமொழிக்கு வருவோம். “எங்கோ நடந்தது” என்பார்க்குக் கண்டி நகரே விடை கூறும். 1660ஆம் ஆண்டு கொட்டியாரத் துறையில் றொபேட் நொக்ஸ் என்னும் பத்தொன்பது வயது ஆங்கில இளைஞர், தந்தையோடும் மாலுமிகளோடும் பிடிக்கப்பட்டு, இரண்டாம் இராசசிங்க மன்னனின் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தையார் அடுத்த ஆண்டே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குமேல் இங்கே சிறைப்பட்டிருந்தார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவில் வீடமைத்து, தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். 1679இல், பின்னாளிற் கோப்பித் தொழிலாளர் நடந்து வரவிருந்த அதே வடமேற்குக் காடுகளினூடே எதிர்த்திசையில் நடந்து, மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், கண்டியிற் கட்டுண்டிருந்த ஒருவன் எழுதிய தன்வரலாறாகும்.

அந்நூலிலேயே கண்டி இராச்சியத்தின் அடிமைகளைப் பற்றியும், கடன் தீர்க்கமாட்டாதவனின் மாடுகளையும் பிள்ளைகளையும் கடன் கொடுத்தவன் கைப்பற்றும் வழக்கத்தைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். ஆகவே அடிமைமுறை கடல் கடந்த செய்தியன்று. கண்டியின் பழைய மனைகளுக்குள் வாழ்ந்த செய்தி. அதனினும் வியப்பு ஒன்றுண்டு. நாடு திரும்பிய நொக்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற்றலைவரானார். 1680களில் அவர் தம் கப்பலை மடகஸ்காருக்குச் செலுத்தியதன் நோக்கம், அங்கே அடிமைகளைப் பெற்றுச் சென் ஹெலினாத் தீவுக்குக் கொண்டு செல்வதாகும். பத்தொன்பது ஆண்டு பிறர் பிடியிலிருந்து, அதன் வேதனையை நூலாக எழுதிய அதே மனிதர், பிறரைப் பிடிபட்டவராக ஏற்றிச் செல்ல உடன்பட்டார்.

இச்செய்தியே இக்கட்டுரையின் நடுப்பொருளாகும். துன்புற்றவன் என்பதனால் மட்டும் ஒருவன் நீதியுடையவனாகிவிடுவதில்லை. தன் கட்டை அறிந்தவன் பிறன் கட்டை அறியாதிருத்தல் இயலும். நொக்ஸின் நூலுக்கு அறிஞர் றொபேட் ஹூக் முன்னுரை வழங்கினார். டக்ளஸின் நூலுக்கு வில்லியம் லொயிட் கரிசன் முன்னுரை வழங்கினார். ஆனால் டக்ளஸின் நூல் மட்டும் ‘தானே எழுதியது’ என்பதைத் தலைப்பிலேயே கூறவேண்டியிருந்தது. நொக்ஸ் எழுதவல்லவரா என்று எவரும் ஐயுறவில்லை. அடிமையாயிருந்த ஒருவன் எழுதவல்லான் என்பதையோ பலர் நம்பவில்லை. ஹரியற் ஜேக்கப்ஸ் அம்மையாரின் நூல் உண்மையில் அவராலேயே எழுதப்பட்டது என்பது 1980களிலேயே ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

நாம் இந்துக் கல்லூரியொன்றின் மாணவர். தமிழ்ப் பண்பாட்டிற் பெருமிதமுடையோர். ஆதலின் நம் ஏடுகளையும் திறந்து பார்த்தல் கடன். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து எழுதிய தேசவழமையில், அடிமைகளைப் பற்றிய விதிகள் தனியே இடம்பெற்றுள்ளன. அடிமைகள் எவ்வாறு உரிமையாகப் பிள்ளைகளுக்குச் செல்வர், எவ்வாறு விடுவிக்கப்படுவர் என்பன அதிற் கூறப்படுகின்றன. எழுதுவித்தது அந்நிய அரசு; வழக்கம் நம்முடையது. பன்னிரு முதலிமார் அதனைப் பார்த்துச் சரியென ஒப்புக்கொண்டனர். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும், 113 ஆண்டுகள் கழித்து, 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வேண்டியதாயிற்று. அதன் பின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. ஆகவே டக்ளஸின் நூலைப் படிக்கும் தமிழ் மாணவன், அடிமையின் பக்கத்தில் மட்டும் தன்னை இருத்திக்கொள்ளல் முறையாகாது. ஆண்டானின் பக்கத்திலும் தன் முன்னோரின் கையெழுத்து உண்டோ என்று அவன் தேடல் வேண்டும்.

அவ்வாறு தேடியபோது என் வீட்டிலேயே ஒரு செய்தி கிடைத்தது. என் தந்தையார் சிறுவராயிருந்த காலத்தில், தோட்டப்புறத்துச் சிறுமியொருத்தி எம் வீட்டில் வேலைக்கு நின்றாள். அவள் பெயரும் என் அப்பம்மாவின் பெயரும் ஒன்றே. வீட்டுத் தலைவியின் பெயரைச் சொல்லி வேலைக்கு நிற்கும் பிள்ளையை ஏவுதல் தகாதென்று, அவளுக்கு வேறொரு பெயர் இடப்பட்டது. ஆண்டுக்கொருமுறை அவள் தகப்பன் வந்து சம்பளத்தைப் பெற்றுச் செல்வானாம். இரவில் என் தந்தையார் உரத்துப் பாடம் படிக்கும்போது அவள் கதவோரத்தில் நின்று கேட்பாளாம், “அங்கே உனக்கென்ன வேலை?” என்று உள்ளே அழைக்கப்படுவாளாம். அவளை ஒருவரும் அடித்ததில்லை என்று அப்பம்மா கூறினார். அதனை நான் நம்புகின்றேன். “அந்தப் பிள்ளை எந்தத் தோட்டம், அப்பம்மா?” என்று கேட்டேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்து, “தோட்டத்துப் பிள்ளை என்றுதான் தெரியும், அப்பு” என்றார். ஆறாண்டு எம் வீட்டில் இருந்தவளின் ஊர்ப்பெயரை எம் வீட்டில் எவரும் அறியார்.

இது கொடுமை என்று கூறத்தக்கதன்று. அமெரிக்க அடிமைமுறையோடு ஒப்பிடுதற்குரியதுமன்று. ஆயினும், பெயர் மாற்றுதல், பிறர் கையிற் கூலி, கதவோரத்தினின்று விலக்கப்பட்ட படிப்பு என்னும் மூன்றும் டக்ளஸின் நூலை நான் படித்திராவிடின் என் கண்ணிற் பட்டிரா. அப்பம்மா சொல்லியிருப்பார், நானும் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். நல்ல நூல் தூரத்தைக் காட்டுவதோடு அமையாது. அருகிலுள்ளதையும் காணச் செய்யும்.

எனவே, மூவகை மறுமொழிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்தல் வேண்டும். கலங்குவோர் கலக்கத்தோடு நில்லாது கணக்கையும் படித்தல் வேண்டும். தம் கதை என்போர் ஒற்றுமையோடு வேற்றுமையையும் உரைத்தல் வேண்டும். எங்கோ நடந்தது என்போர் தம் ஊரின் ஏடுகளையும் தம் வீட்டின் அடுக்களையையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். இம்மூன்றும் கூடியதே அடிமை வரலாறொன்றுக்கு மாணவன் அளிக்கத்தக்க முழு மறுமொழியாகும்.

இதன் பயனாகச் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில், தம் பாட்டன் பாட்டி வாயிலாக வழிநடைக் காலத்தையும் துண்டுக் காலத்தையும் கேட்டறிந்த முதியோர் இன்றும் சிலர் உளர். எம் கல்லூரி மாணவர் பலருக்கு அவர்கள் உறவினர். அம்முதியோரை அணுகி, அவர் கூறுவதை அவர் சொல்லிலேயே எழுதிவைத்தல் பெரும் பொருட்செலவு வேண்டாத பணி. முதலில் அவர் பெயரையும், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும், அவர் பெற்றோரின் பெயர்களையும் எழுதுவோம். பாடல் தெரிந்தவராயின், பாடலின் கீழே பாடியவரின் பெயரையும் எழுதுவோம்.

எம் வீட்டில் நின்ற சிறுமியின் பெயரை நான் அறிவேன். அஃது என் அப்பம்மாவின் பெயர். அவள் இன்று எங்குள்ளாள் என்பதை அறியேன். அப்பம்மாவும் நானும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.